கங்காரு என்றால் ‘தெரியாது’ அல்ல

பொது அறிவுத் துணுக்குகளிலும் பள்ளி மேடைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் இறங்கிய ஆங்கிலேயர், தாவிச் செல்லும் விசித்திரமான விலங்கொன்றைக் கண்டு, ‘இதன் பெயர் என்ன?’ என்று அங்கிருந்தவரிடம் கேட்டனராம். அவரோ ‘கங்காரு’ என்றாராம். அவருடைய மொழியில் அதற்கு ‘எனக்குத் தெரியாது’ என்று பொருளாம். கேட்டவர் அதையே விலங்கின் பெயரென்று குறித்துக்கொள்ள, உலகம் முழுவதும் அதுவே நிலைத்துவிட்டதாம்.

கேட்போரைச் சிரிக்க வைக்கும் கதை இது. ஆனால் உண்மையன்று. ‘கங்காரு’ அந்த விலங்கின் உண்மையான பெயர். அதைச் சொன்னவர் தாம் சொல்வதை நன்கு அறிந்தே சொன்னார். 1770ஆம் ஆண்டில் அந்தச் சொல் கைமாறிய ஏழு வாரங்களில் நடந்தவற்றை, ஜேம்ஸ் குக்கும் அவருடன் சென்ற ஜோசப் பேங்க்ஸும் எழுதிய நாட்குறிப்புகளின் துணையோடு படித்தால், முன்பின் அறியாத இரு கூட்டத்தார் எவ்வாறு பேசத் தொடங்கினர், எதைப் புரிந்துகொண்டனர், எங்கே தவறினர் என்பது தெளிவாகப் புலப்படுகிறது. தவறியது சொல்லில் அன்று.

1768 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ‘எண்டெவர்’ என்னும் கப்பல் புறப்பட்டது. சூரிய வட்டத்தின் குறுக்காக வெள்ளிக் கோள் கடந்து செல்வதைத் தஹிதித் தீவில் இருந்து அளந்தறிவது பயணத்தின் வெளிப்படையான நோக்கம். தெற்கே பெருங்கண்டம் ஒன்று உண்டா என்று தேடுவது கடற்படை இட்டிருந்த மறைவான ஆணை. 1769 ஜூன் 3 அன்று வெள்ளியின் கடப்பு தஹிதியில் நோக்கப்பட்டது. ஜூலையில் கப்பல் அத்தீவை விட்டு நீங்கியபோது புதிய பயணி ஒருவர் அதில் ஏறியிருந்தார். துபையா என்பது அவர் பெயர். ரையாத்தேயா என்னும் தீவில் பிறந்தவர். கோயில் மரபில் பயின்ற குரு. விண்மீன்களையும் அலைகளையும் கொண்டு கடல்வழி அறிந்தவர். பசிபிக் தீவுகளின் வரைபடம் ஒன்று அவருடைய அறிவைக் கொண்டே உருவானது. ஓவியமும் தீட்டுவார். மாவோரி ஒருவர் சிங்கி இறாலைக் கொடுத்து பேங்க்ஸிடமிருந்து துணியைப் பெறும் காட்சியைத் தீட்டிய கை யாருடையது என்பது நெடுங்காலம் அறியப்படாமல் இருந்தது. அது துபையாவின் கை என்பது பேங்க்ஸின் பழைய கடிதம் ஒன்றினால் 1997இல்தான் வெளிப்பட்டது.

துபையாவின் மொழித்திறன் நியூசிலாந்தில் புலனாயிற்று. 1769 அக்டோபர் 8 அன்று, இன்று கிஸ்பர்ன் நகரம் இருக்கும் கரையில் குக்கின் ஆட்கள் இறங்கினர். துபையா அப்போது உடன் செல்லவில்லை. படகைக் காத்திருந்தவர்களை நோக்கி ஈட்டியுடன் வந்த தே மாரோ என்னும் மாவோரி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் துபையா கரைக்கு வந்து தம் மொழியில் பேசினார். ஆற்றின் அக்கரையில் நின்றவர்களுக்கு அது புரிந்தது. கடலில் ஏறத்தாழ நான்காயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்த ஒருவர் பேசுவது தம் பேச்சைப் போலவே இருந்தது குறித்து இரு தரப்பாரும் வியந்திருப்பர்.

மொழியியல் நோக்கில் இதில் வியப்பில்லை. தஹிதி மொழியும் மாவோரியும் கிழக்குப் பொலினீசியக் கிளையில் பிறந்த உடன்பிறப்புகள். மாவோரியில் மீன் ‘இக்கா’. தஹிதியில் ககரம் குரல்வளைத் தடையாகி ‘இஆ’. மாவோரியில் ஓடம் ‘வாக்கா’, தஹிதியில் ‘வாஆ’. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்றதன் பெரும்பகுதி எளிதில் விளங்கிவிடும். தமிழரும் மலையாளிகளும் சந்தையில் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது போன்றதே இது.

ஆயினும் அன்று பேச்சு இரத்தத்தைத் தடுக்கவில்லை. ஆற்றைக் கடந்து வந்தவர்கள் ஆயுதங்களைக் கைமாற்றிக்கொள்ள விரும்பினர், வெள்ளையர் மறுத்தனர். தே ராக்காவ் என்பவர் ஒரு குறுவாளைப் பறித்தார். அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பிற்பகல் மீன்பிடி ஓடம் ஒன்றில் வந்தவர்களில் மேலும் சிலர் மாண்டனர். கடற்படைத் தலைவரின் நாட்குறிப்பிலேயே அதைப் பற்றிய மனவுறுத்தல் தெரிகிறது. 250 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், நியூசிலாந்துக்கான பிரிட்டிஷ் தூதர் கிஸ்பர்னுக்கு வந்து அந்தச் சாவுகளுக்கு வருத்தம் தெரிவித்தார். புரியும் மொழி இருந்தும், மொழிக்கு முன்னதாகவே துப்பாக்கி பேசிவிட்ட கரை அது.

1770 ஏப்ரல் 29 அன்று எண்டெவர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், பின்னர் பாட்டனி விரிகுடா என்று பெயர் பெற்ற இடத்தில், நங்கூரமிட்டது. இரண்டே ஆடவர் ஈட்டிகளுடன் நின்று படகுகளைத் தடுத்தனர். துபையா பேசிப் பார்த்தார். ஒரு சொல்லும் எடுபடவில்லை. பொலினீசிய மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உறவில்லை. மாவோரிகளிடம் அவருக்கு வழிதிறந்த மொழி இங்கே பயனற்றுப் போயிற்று. கரையிலிருந்தோர் உரக்கக் கூவிய தொடர் ஒன்றைக் கப்பலின் ஓவியரான சிட்னி பார்க்கின்சன் ‘வர்ரா வர்ரா வாய்’ என்று எழுதி வைத்தார். ‘போய்விடுங்கள்’ என்றே அதற்கு நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. அக்கரையின் வழித்தோன்றல்கள் அண்மைக் காலத்தில், அது இறந்தோரைக் குறிக்கும் சொல் என்று விளக்குகின்றனர். வெளிறிய தோலுடன் கடலிலிருந்து வந்தவர்களைக் கண்டு, மாண்டவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லி எச்சரித்திருக்கலாம். அவ்வாறாயின், தமக்குச் சொல்லப்பட்டதாக வந்தவர்கள் எண்ணிக்கொண்ட பேச்சு தம்மைப் பற்றியதே தவிர, தம்மிடம் பேசப்பட்டதன்று. அன்றும் சிறு குண்டுகள் சுடப்பட்டன; ஒருவர் காயமுற்றார். அங்கே தங்கிய நாட்களில் உள்ளூராருடன் உரையாடல் எதுவும் கூடவில்லை.

ஜூன் 11ஆம் நாள் இரவில், வடக்கே பெரும் பவளத்திட்டில் கப்பல் மோதி அடித்தளம் கிழிந்தது. பீரங்கிகளைக் கடலில் எறிந்து, கிழிசலைப் பாய்த்துணியால் அடைத்து, இன்று குக்டவுன் என்றழைக்கப்படும் ஊரின் ஆற்றுமுகத்திற்குள் கப்பலைக் கொண்டுசேர்த்தனர். பழுது பார்க்க ஏழு வாரங்கள் பிடித்தன. போக வழியில்லாமல் ஓரிடத்தில் தங்க நேர்ந்ததால்தான் அந்தப் பயணத்தில் முதன்முறையாக ஆஸ்திரேலியர்களுடன் பேச்சு பிறந்தது.

அந்த ஆற்றங்கரை, கூகு யிமித்திர் மொழி பேசும் மக்களின் நிலம். ‘கூகு’ என்றால் பேச்சு. ‘யிமி’ என்றால் ‘இது’. ‘திர்’ என்பது உடைமை காட்டும் விகுதி. ‘இது’ என்பதற்கு ‘யிமி’ என்று சொல்கிற பேச்சு என்பதே மொழியின் பெயருக்குப் பொருள். அக்கம்பக்கத்தார் அதே சுட்டுக்கு வேறு சொல் வழங்குவர் என்பதால் இப்படி ஒரு பெயர். பல மொழிகளுக்கு நடுவே வாழ்ந்து, மொழிக்கு மொழி எங்கே வேறுபடுகிறது என்பதை நுட்பமாகக் கவனித்து வந்த மக்கள் என்பதற்கு அப்பெயரே சான்று.

மூன்று வாரங்களுக்கும் மேலாக அவர்கள் கப்பலை விலகி நின்று பார்த்தனர். ஜூலை 10 அன்று நால்வர் ஓடமொன்றில் நெருங்கி வந்தனர். குக் இம்முறை யாரையும் விரட்டிச் செல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். துணி, ஆணி, தாள் எனக் கொடுத்த எதையும் வந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. தற்செயலாக ஒரு சிறு மீன் அவர்களிடம் வீசப்பட்டபோது பெருமகிழ்ச்சி காட்டினர். பின்னர் ஈட்டிகளுடன் கரையில் இறங்கினர். துபையா அவர்களிடம் சென்று, ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுத் தம்முடன் அமருமாறு இசைவித்தார். அமர்ந்தனர். மற்றவர்களும் போய்ச் சூழ்ந்து உட்கார்ந்தனர். மறுநாள் அவர்கள் திரும்பி வந்தபோது ஒரு மீனைக் கொண்டு வந்து தந்தனர்.

இங்கே துபையாவிடமும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. அவரிடம் இருந்தது வேறு: அயலார் வரும்போது எப்படி நிற்க வேண்டும், எப்போது ஆயுதத்தை வைக்க வேண்டும், எப்போது அமர வேண்டும் என்று தீவுக்குத் தீவு பழகிய ஒருவரின் பயிற்சி. மொழி ஒத்த நியூசிலாந்தில் முதல்நாள் அவர் கரையில் இல்லை, உயிர் போயிற்று. மொழி ஒவ்வாத இந்த ஆற்றங்கரையில் அவர் முன்னே நடந்தார். ஈட்டிகள் தரையில் கிடந்தன.

அதன்பின் சொற்கள் வந்தன. முதலில் உடலுறுப்புகள்: தலை, மயிர், கண், மூக்கு, கை. சுட்டிக் கேட்பதற்கு அவையே எளியவை. கேட்பவரிடமும் சொல்பவரிடமும் ஒருங்கே இருப்பவை. பிறகு நெருப்பு, நீர், ஆமை, ஓடம். பேங்க்ஸும் பார்க்கின்சனும் தனித்தனியே பட்டியல் எழுதினர். குக்கின் நாட்குறிப்பிலும் ஒரு பட்டியல் உண்டு. பார்க்கின்சன் நாடு திரும்பும் வழியில் 1771 ஜனவரியில் நோயுற்று இறந்தார். அவருடைய பட்டியல் 1773இல் நூலாக வெளிவந்த அவரது குறிப்புகளில் இடம்பெற்றது. இப்படிப் பலர் தனித்தனியாகக் கேட்டு எழுதி, அவை ஒத்துப்போவதே இச்சான்றின் வலிமை. ஒருவர் காதில் மட்டும் விழுந்த பிழையாக இருந்தால் மூன்று ஏடுகளிலும் அதே சொல் வந்திராது.

அந்தப் பட்டியல்களில்தான் ‘கங்காரு’ இருக்கிறது. ஜூன் 24 அன்று குக் அவ்விலங்கை முதன்முறை கண்ணால் கண்டார்: வெளிர்ச் சாம்பல் நிறம், வேட்டைநாயளவு உருவம், நீண்ட வால், முயல்போல் தாவல். ஜூலை 14 அன்று லெப்டினன்ட் ஜான் கோர் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். செத்த விலங்கு கண்முன் கிடக்க, உள்ளூரார் அன்றாடம் வந்துபோக, பெயர் கேட்டறிவதில் குழப்பத்திற்கு அதிக இடமில்லை.

சொல்லின் ஒலியைக் கவனித்தால் கேட்டவர்களின் காது எவ்வளவு நன்றாக உழைத்தது என்பது தெரியும். கூகு யிமித்திர் மொழியில் அப்பெயர் ‘கஙுர்ரு’. அம்மொழியில் வல்லினத்திற்கு ஒலிப்புடையது, ஒலிப்பற்றது என்ற வேறுபாடு கிடையாது. தமிழர்க்கு இது பழகியது: ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் உள்ள ககரம் வேறுவேறாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே, மனத்தில் பதிந்த ஒலியும் ஒன்றே. ஆங்கிலக் காதுக்கு அப்படியன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அவர்கள் ஒலிப்பற்ற ககரத்தைத் தேர்ந்தனர். நடுவிலே தனித்து நின்ற ஙகரத்தோடு ஆங்கில வழக்கம் ஒரு ககரத்தையும் ஒட்டியது. தமிழ் அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு பெரும்பாலும் கைவிடப்படும் ‘ஙு’ என்னும் எழுத்துக்கு, அந்த ஆற்றங்கரையில் அன்றாட வேலை இருந்தது. அம்மொழியில் ரகரமும் இரண்டு. அவற்றுள் ஒன்று தமிழின் ழகரத்தை நெருங்கும். இத்தனைக்கும் நடுவே அன்னியர் மூவர் எழுதிக்கொண்ட வடிவம் மூலத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

பின் எப்படிப் பிறந்தது ‘தெரியாது’ என்னும் கதை? 1788இல் கைதிகளை ஏற்றி வந்த முதல் ஆங்கிலக் கப்பற்கூட்டம் இன்றைய சிட்னியில் குடியேறியது. குக்கின் பயணம் தந்த சொற்பட்டியல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்டம் முழுவதற்கும் ஒரே மொழி என்ற எண்ணத்தில் அவர்கள் சிட்னி மக்களிடம் ‘கங்காரு’ என்றனர். அந்த மக்களுக்கு அது அயல்சொல். அவர்கள் மொழியில் அவ்விலங்கு ‘படகரங்’. ஆற்றங்கரைக்கும் சிட்னிக்கும் இடையே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவு. கண்டத்தில் வழங்கிய மொழிகளோ 250க்கும் மேல். குமரிமுனையில் கேட்டறிந்த சொல்லைக் காஷ்மீரில் போய்ச் சொல்லிக் காட்டியது போலாயிற்று. சிட்னி மக்கள் அதை வெள்ளையரின் சொல் என்று எடுத்துக்கொண்டனர். கப்பலில் கொண்டுவரப்பட்ட பசுக்களைக் கண்ட கோல்பி என்பவர், இவையும் கங்காருக்களா என்று கேட்டதாகக் குடியேற்ற அதிகாரி வாட்கின் டெஞ்ச் பதிவு செய்திருக்கிறார். அவ்விடத்தில் கோல்பியின் கேள்வி முற்றிலும் நியாயமானது.

ஐயத்தை முற்றவைத்தது 1820ஆம் ஆண்டு. கடல் அளவையாளர் பிலிப் பார்க்கர் கிங் அதே எண்டெவர் ஆற்றங்கரைக்கு வந்து, அதே மக்களிடம் சொற்களைச் சேகரித்துக் குக்கின் பட்டியலோடு ஒப்பிட்டார். பிற சொற்கள் ஒத்தன. கங்காருவுக்கு மட்டும் ‘மின்னா’ என்பது போன்ற சொல் கிடைத்தது. அப்படியானால் குக் கேட்டது என்ன? இந்த இடைவெளியில்தான் ‘தெரியாது’ கதை வேர்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அப்பகுதி மக்களைப் பற்றி விரிவாக எழுதிய வால்ட்டர் ராத், அச்சொல் அங்கே உண்மையாகவே வழங்குகிறது என்று செய்தித்தாளில் எடுத்துக்காட்டினார். அகராதி செய்வோர் அதைக் கவனிக்கவில்லை.

1971 முதல் கூகு யிமித்திர் மக்களிடையே தங்கி மொழி கற்ற ஜான் ஹாவிலண்ட், 1974இல் வெளியிட்ட கட்டுரையில் குக் பயணத்தின் பட்டியலைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலான சொற்களை அம்மொழி பேசுவோர் அடையாளம் கண்டனர். ‘கஙுர்ரு’ என்பது கங்காருக்களுள் ஒரு பெரிய வகையின் பெயர். பிற வகைகளுக்குப் பிற பெயர்கள் உண்டு. கிங் கேட்ட ‘மின்ஹா’ என்பதோ உண்ணத்தக்க விலங்குகள் அனைத்துக்கும் பொதுப்பெயர். கூடையிலிருந்த ஒன்றைச் சுட்டி ஒருவர் கேட்டபோது ‘நெத்திலி’ என்ற விடையும், ஐம்பது ஆண்டு கழித்து மற்றொருவர் கேட்டபோது ‘மீன்’ என்ற விடையும் வந்தன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு விடையும் சரி. கேட்டவர்கள்தாம் ஒன்றையொன்று மறுப்பதாக எண்ணிக்கொண்டனர். ஒருவகை நெத்திலியின் பெயர் உலகத்து மீன்களுக்கெல்லாம் பெயரானது போல, ஆற்றங்கரையின் ஒருவகை விலங்கின் பெயர் கண்டத்தின் விலங்குக் குடும்பத்திற்கே பெயரானது; அந்த விரிவு ஆங்கிலத்தில் நேர்ந்தது.

இக்கதைக்கு மெய்யியலிலும் ஒரு நிழல் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1960இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனைச் சூழலை முன்வைத்தார். முயல் ஓடுகிறது, முற்றிலும் அறியாத மொழி பேசும் ஒருவர் ‘கவகாய்’ என்கிறார். அது முயலையா, முயலின் பிரியாத உறுப்புகளையா, முயல் தோன்றும் கணத்தையா குறிக்கிறது என்பதை உறுதியாகத் தீர்மானிக்க வழியில்லை என்பது அவர் வாதம். இயான் ஹேக்கிங் 1981இல் எழுதிய கட்டுரையில், மெய்யான பயணங்களில் அத்தகைய முழுத் தவறு எப்போதேனும் நிகழ்ந்ததுண்டா என்று வினவி, கங்காரு போன்ற கதைகளை ஆராய்ந்து, அவை வெறுங்கதைகளாகவே கரைந்துபோவதைக் காட்டினார். ஒருவர் கையை நீட்டிக் கேட்டால் மற்றவர் எதைக் கேட்கிறார் என்று ஊகிக்கும் ஆற்றல் மனிதர்க்குப் பொதுவானது. குழந்தைகள் மொழி கற்பது அந்த ஆற்றலைக் கொண்டே.

ஆற்றங்கரையில் உண்மையாகவே நேர்ந்த புரிதற்பிழை சொல் பற்றியதன்று, ஆமை பற்றியது. ஜூலை 19 அன்று பத்துப் பதினொருவர் கப்பலுக்கு வந்தனர். மேற்தளத்தில், குக்கின் ஆட்கள் பவளத்திட்டில் பிடித்துவந்த ஆமைகள் பல கிடந்தன. வந்தவர்கள் ஒன்றைக் கேட்டனர். சைகையால் தெளிவாகவே கேட்டனர். நாட்குறிப்புகளில் அதுபற்றி ஐயமே இல்லை. மறுக்கப்பட்டது. ஒன்றை இழுத்துக் கடலில் தள்ள முயன்றனர், தடுக்கப்பட்டனர். சினத்துடன் கரையேறி, தார் காய்ச்சும் பானையின் அடியிலிருந்து கொள்ளியை எடுத்து, கூடாரங்களைச் சுற்றிக் காய்ந்து கிடந்த புல்லுக்குத் தீ வைத்தனர். பன்றிக்குட்டி ஒன்று வெந்து மடிந்தது. பின்னர் வலைகளும் துணிகளும் உலர்ந்துகொண்டிருந்த இடத்திலும் தீ வைத்தனர். குக் சிறு குண்டுகளால் சுட்டார். ஒருவர் காயமடைந்தார், துணியில் இரத்தத் துளிகள் காணப்பட்டன.

ஆமை என்னும் சொல் அப்போது இரு தரப்பாருக்கும் தெரியும், பட்டியலிலேயே இருக்கிறது. ‘வேண்டும்’ என்பதும் புரிந்தது. ‘இல்லை’ என்பதும் புரிந்தது. புரியாதது, அந்த ஆமை யாருடையது என்பது. வந்தவர்களுக்கு அது கடலில் தாம் உழைத்துப் பிடித்த உணவு. கரையிலிருந்தவர்களுக்கு அது தம் நீரில், தம் இசைவின்றி, அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது. எடுத்ததுமல்லாமல் ஒன்றைக்கூடப் பகிர மறுப்பது அங்கே பெரும் குற்றம். அவ்வின மூத்தோரும் வரலாற்றாளருமான எரிக் டீரல் இந்தப் பக்கத்துக் கதையை வெளியுலகுக்குச் சொன்னவர். 1974இல் குயின்ஸ்லாந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். அவர் வென்ற தொகுதியின் பெயர் ‘குக்’.

அன்று மாலைக்குள் நடந்தது இன்னும் முக்கியமானது. குக்கும் பேங்க்ஸும் அவர்கள் விட்டுச்சென்ற ஈட்டிகளைக் கைப்பற்றிக்கொண்டு பின்தொடர்ந்து, பாறைகள் நிறைந்த ஓரிடத்தில் அமர்ந்தனர். எதிரே சற்றுத் தொலைவில் மற்றவர்களும் அமர்ந்தனர். முதியவர் ஒருவர், முனை இல்லாத ஈட்டியைக் கையிலேந்தி, நின்று நின்று முன்னே வந்தார். வரும்போது அக்குளின் வியர்வையை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். நாட்குறிப்பு எழுதியவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. கண்டதை அப்படியே எழுதினர். அதை அமைதி வேண்டும் சடங்காக அம்மக்களின் வழித்தோன்றல்கள் விளக்குகின்றனர். முனையற்ற ஈட்டிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குக் கைப்பற்றிய ஈட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார். அதனால் எல்லாம் சரியாயிற்று என்று எழுதினார். உடன்வந்த புதியவர்கள் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைக்கப்பட்டனர்.

அந்த நிலம் குலங்கள் பலவும் கூடும் பொதுவிடம். அங்கே வேண்டுமென்று குருதி சிந்துதல் கூடாது என்பது அம்மக்களின் வாய்மொழி வரலாறு. காயம்பட்ட தரப்பே அமைதிக்கு முன்வந்ததன் காரணம் அதில் இருக்கிறது. அவ்விதியை அறியாதவர் அன்று அந்த ஆற்றங்கரையில் ஒரு தரப்பினர் மட்டுமே. ‘தெரியாது’ என்று சொல்லியிருக்க வேண்டியவர்களும் அவர்களே.

மக்கள் பேச்சில் எவ்வளவு விதி உண்டு என்பதற்கு அம்மொழியே சான்று தரும். மைத்துனரிடம் பேசுவதற்கெனத் தனிச்சொற்கள் கொண்ட மரியாதை வழக்கு அங்கே இருந்ததை ஹாவிலண்ட் 1979இல் விரிவாக எழுதினார். மாமியாரோடு பேசவே கூடாது. யார் யாரிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்பதை இத்தனை கவனமாக வகுத்துக்கொண்டவர்களையே, கேட்ட கேள்வி புரியாமல் உளறியவர்களாக அந்தத் துணுக்கு காட்டுகிறது.

எண்டெவர் ஆகஸ்ட் 4 அன்று ஆற்றைவிட்டு நீங்கியது. ஆகஸ்ட் 22 அன்று, கண்டத்தின் வடமுனையை அடுத்த ஒரு தீவில், குக் கிழக்குக் கரை முழுவதையும் தம் அரசருக்கு உரியதென்று அறிவித்தார். அங்கு வாழ்வோரின் இசைவு கேட்கப்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் துபையா, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் நோயுற்று மாண்டார். அவருக்குப் பின் அந்தக் கப்பலில் முன்னே நடந்து சென்று அமர்ந்து பேசத் தெரிந்தவர் எவருமில்லை.

1873இல் உள்நாட்டில் பொன் கிடைத்தது. ஆற்றங்கரையில் குக்டவுன் எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினர், எவரும் அமர்ந்து பேசவில்லை. துப்பாக்கியாலும் நோயாலும் கூகு யிமித்திர் மக்கள் பெருமளவில் அழிந்தனர். எஞ்சியோர் 1886இல் தொடங்கிய லூத்தரன் சமயநிலையத்தைச் சுற்றி ஒடுங்கினர். 1942இல், போரைக் காரணம் காட்டி, அந்தச் சமூகம் முழுவதையும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே பெயர்த்துக்கொண்டு போயினர். குளிரிலும் நோயிலும் பலர் மாண்டனர். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே திரும்ப முடிந்தது. இன்றைய ஹோப் வேல் ஊர் அப்படி மீண்டவர்களுடையது. அவர்களிடம்தான் ஹாவிலண்ட் கேட்டார். அவர்கள்தாம் ‘கஙுர்ரு’ எது என்று காட்டினர். 1970களில் அந்த விடை கிடைத்ததற்குக் காரணம், இவ்வளவுக்குப் பின்னும் அச்சொல்லைப் பேசும் வாய்கள் எஞ்சியிருந்தன என்பதே.

ஒரு சொல்லைக் கடன் வாங்கிய உலகம், தந்தவர்க்கு அறியாமையைப் பட்டமாகச் சூட்டியது. தமிழிலும் அச்சொல் பாடநூல்களிலும் குழந்தைகளின் படப்புத்தகங்களிலும் இருக்கிறது. அடுத்த முறை அந்தத் துணுக்கு மேடையேறும்போது, கூகு யிமித்திர் என்னும் மொழியின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த மொழியில் அதற்கு ஒரு பொருள் உண்டு: பெரிய கங்காரு.